மூன்றில் ஒரு பூ தேனீக்கு

பஸ் பணிமனை கேண்டீனில் சமைக்கிறவளுக்கு முகத்துக்கு நேரே மாஸ்டரக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால் மூக்கு மாஸ்டர். மூக்கு ஒன்றும் பெரியதில்லை, பார்க்க அளவானதுதான். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, உள்ளே கொதிக்கும் பருப்பில் பூண்டு இன்னும் வேகவில்லை என்று சொல்லிவிடும். எந்த டிரைவராவது கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தால், கிரீஸ் வாடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து எழுப்பி அனுப்பிவிடும். பத்து வருடமாக அந்த மூக்கை நம்பித்தான் தினமும் எண்பது பேர் சாப்பிட்டார்கள்.

அந்த மூக்கு செத்து நாலு மாதம் ஆகியிருந்தது. விஷயம் அவளுக்கும் ஒரு டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

குளிர்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் படுத்தாள், ஆறாம் நாள் எழுந்து காபி போட்டுக் குடித்தாள். வெந்நீர் குடிப்பது போலிருந்தது. பொடி பழசு என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே புதுப் பொட்டலத்தைப் பிரித்து, மூக்கை உள்ளே விட்டு இழுத்தாள். ஒன்றுமில்லை. பூண்டை நசுக்கிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. கடைசியில், மூன்று நாள் தொலைதூர வண்டி ஓட்டிவிட்டு வந்த கணவர் கழற்றிப் போட்டிருந்த யூனிஃபார்ம் சட்டையை எடுத்து முகத்தில் அப்பிக்கொண்டாள். ஊரையே விரட்டக்கூடிய சட்டை அது. அதிலும் ஒன்றுமில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"வாசனை நரம்பு அடி வாங்கியிருக்கு. திரும்பி வரலாம், வராமலும் போகலாம். தினமும் நாலு பொருளை மோந்து பழகுங்க," என்றார் டாக்டர். பிறகு பேச்சுவாக்கில், "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"வீட்லதான் சார் இருக்கேன்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

நாக்கு மட்டும் மிச்சமிருந்தது. உப்பு தெரியும், புளிப்பு தெரியும், காரம் நன்றாகவே தெரியும். ஆனால் சமையல் என்பது அவ்வளவுதானா? எண்ணெய் காறிவிட்டதா, பால் திரியப் போகிறதா, அடியில் பிடிக்க ஆரம்பித்துவிட்டதா என்பதையெல்லாம் மூக்கு அல்லவா முதலில் வந்து சொல்லும்? கண்ணை வைத்தும் காதை வைத்தும் ஒப்பேற்றினாள். வெங்காயத்தின் நிறம், கொதியின் சத்தம், எண்ணெய் பிரிகிற நேரம். அதற்கு மேல் போகாத இடத்தில் நாத்தனாரைக் கேட்டாள்.

நாத்தனார் கணவரின் தங்கை. கேண்டீனில் ஆறு வருடமாகக் கூடவே வேலை செய்கிறாள். வெட்டுவது, அரைப்பது, பரிமாறுவது, பேசினால் பதிலுக்கு இரண்டாகப் பேசுவது எல்லாம் அவள் பொறுப்பு. "கொத்தமல்லி போட்டியா?" என்பாள் மாஸ்டர். "போட்டாச்சு அண்ணி." ஐந்து நிமிடம் கழித்து, "பூண்டு பச்ச வாசனை போயிடுச்சா, பாரு." "போயிடுச்சு அண்ணி." "நிஜமா போயிடுச்சா?" இப்படியே நாலு மாதம் ஓடியதில் நாத்தனாருடைய முகம் முழ நீளத்துக்கு நீண்டுவிட்டது. பதிலுக்கு இரண்டாகப் பேசியவள் ஒன்றாகக் குறைத்து, பிறகு 'ம்' என்பதோடு நிறுத்திக்கொண்டாள். எங்கே கண்டுபிடித்துவிட்டாளோ என்று மாஸ்டர் பயந்தாள்.

இன்னொரு ஆளும் குழம்பிப் போயிருந்தான். ஹாரன் என்று பணிமனை முழுக்கப் பெயர் வாங்கிய டிரைவர். தெருவில் காக்காய் குறுக்கே போனாலும் ஹாரன் அடிக்கிறவன். அவன் தன் வண்டியைச் சமையலறை ஜன்னலுக்கு நேரே நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, டீ குடிக்கப் போவான். உடனே மாஸ்டர் கரண்டியோடு வெளியே வருவாள். "அணைடா அந்த இன்ஜினை! என் சாம்பார் பூரா டீசல் நாறுது!" என்று கத்துவாள். அன்றைக்கு என்ன சமையலோ அதன் பெயர் சாம்பாருக்குப் பதிலாக மாறும், மற்றபடி வசனம் பத்து வருடமாக அதேதான். இந்த நாலு மாதமாக அந்தச் சண்டையே இல்லை.

"மாஸ்டரக்கா, எம்மேல எதுனா கோவமா?" என்று ஒருநாள் தட்டோடு வந்து கேட்டான். "திட்டவே மாட்டேங்கிறீங்க. சாப்பாடே எறங்கல."

"வயசாச்சுடா. திட்டக்கூடத் தெம்பு வேணும்," என்று சமாளித்தாள்.

பூ விவகாரம் ஆரம்பித்தது இந்தக் கஷ்டத்தில்தான்.

பணிமனையின் பின்பக்கம், உடைத்துப் போட்ட பழைய பஸ்களைத் தாண்டி ஒரு துண்டு நிலம். டயர் பிரிவில் வேலை செய்கிற டயர் அண்ணன் அங்கே தேய்ந்த டயர்களை வரிசையாகப் படுக்கப் போட்டு, உள்ளே மண் நிரப்பி, முள்ளங்கி, கடுகு, கொத்தமல்லி, வெங்காயம் என்று போட்டிருந்தார். பூசணிக்கொடி ஒன்று பழைய பஸ் ஒன்றின் ஜன்னல் வழியே ஏறி, கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்திருந்தது. மூலையில் மூன்று தேனீப் பெட்டிகள். குளிர் விட்டு வெயில் ஏற ஆரம்பித்ததும் செடிகளெல்லாம் முற்றிப் பூத்துவிட்டன. வேறு யாராக இருந்தாலும் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். இவர் விட்டுவைத்தார். "இந்த நேரத்துல தேனீக்கு வேற எங்க சாப்பாடு? நமக்கு கேண்டீன் இருக்கு," என்பார்.

கீரை ஏதாவது கிடைக்குமா என்று போன மாஸ்டர், சும்மா நிற்கும்போது ஒரு முள்ளங்கிப் பூவைக் கிள்ளி வாயில் போட்டாள். பல்லில் மொறுக்கென்றது. அடுத்த கணம் நாக்கில் சுருக்கென்று ஒரு காரம் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கு போன பிறகு, இரண்டு மாதத்தில் முதல் தடவையாக, வாயில் ஒரு பொருள் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. கடுகுப் பூவைத் தின்றாள், அதிலும் அதே சுருக். வெங்காயப் பூ, இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. வாய் நிறைய அடைத்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதாள். டயர் அண்ணன் பார்த்துவிட்டு, காரம் போல என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அன்றிலிருந்து கேண்டீனில் பூச்சமையல். மூக்கு இல்லாதவளுக்குப் பூவைவிட நல்ல காய்கறி ஏது? வாடினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மொறுமொறுப்பு காதுக்குத் தெரியும். காரம் நாக்குக்கு. பருப்பில் கடைசியாக முள்ளங்கிப் பூவைத் தூவினாள். முட்டையில் வெங்காயப் பூவை உதிர்த்துப் போட்டுப் பொரித்தாள். சூடான சோற்றில் கடுகுப் பூவைப் பிசிறினாள்.

"காதுலதான் பூ சுத்துவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். மாஸ்டரக்கா வயித்துலயே சுத்துறாங்க," என்றான் ஹாரன். சொல்லிவிட்டு மூன்றாவது தடவை பருப்பு வாங்கிக்கொண்டான்.

பூசணிப் பூவில்தான் மாட்டிக்கொண்டாள். ஆண் பூ காய்க்காது, அதைப் பறித்தால் நஷ்டமில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒருநாள் விடியற்காலையிலேயே போய்க் கொடியிலிருந்த ஆண் பூ மொத்தத்தையும் பறித்து, மாவில் தோய்த்துப் பொரித்துப் போட்டாள். நாற்பது பூ. பணிமனையே கொண்டாடியது. மறுநாளும் பறித்தாள், அதற்கு மறுநாளும். நாலாம் நாள் டயர் அண்ணன் பெண் பூக்கள் பிஞ்சோடு அழுகி விழுந்ததைக் கையில் அள்ளிக்கொண்டு வந்து சமையல் மேடையில் வைத்தார்.

"ஆம்பளப் பூ காய்க்காதுன்னு எல்லாத்தையும் பறிச்சிட்டீங்க. சரி. பொம்பளப் பூவுக்கு மகரந்தம் எங்கிருந்து வரும், தங்கச்சி? தேனீ வெறுங்கையோட வந்து என்ன செய்யும்?"

"ஆம்பளைங்களால ஒரு பிரயோஜனமும் இல்லன்னு அண்ணி முடிவே பண்ணிட்டாங்க போல," என்றாள் நாத்தனார். வெகுநாளைக்கு அப்புறம் அவள் பேசிய முழு வாக்கியம் அது.

டயர் அண்ணன் சிரிக்கவில்லை. ஒரு வாரம் பேசவுமில்லை. பிறகு ஒருநாள் வந்து, மூன்று ஆண் பூவுக்கு ஒன்றைத் தேனீக்கு விட்டுவிட வேண்டும் என்றார். பழைய டியூபைக் குறுக்கே வெட்டினால் ரப்பர் வளையம் வளையமாக வருமே, அதில் ஒன்றை எந்தப் பூவின் காம்பில் மாட்டியிருக்கிறாரோ அதைத் தொடக் கூடாது. தொடலாம் என்கிற பூவையும் ஒன்பது மணிக்கு மேல்தான் பறிக்க வேண்டும். அதற்குள் தேனீக்கள் வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும்.

ஆக, தினமும் காலை ஒன்பதுக்குக் கூடையோடு போய்க் கொடி அருகே நிற்பது அவள் வழக்கமானது. தேனீ என்றால் பயம், அதனால் நாலடி தள்ளித்தான் நிற்பாள். பூசணிப் பூவுக்குள் தேனீ போனால் சத்தம் மாறும், குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி. வெளியே வரும்போது உடம்பெல்லாம் மஞ்சள் பொடி. பூவின் இதழிலும் பொடி இறைந்து கிடக்கும். பொடி இறைந்த பூ, முடிந்த பூ. அதைத்தான் அவள் பறிப்பாள்.

இந்தப் பூச்சமையலின் பெயர் தலைமை அலுவலகம் வரை போனதில்தான் வந்தது வினை.

கேண்டீனை யார் நடத்துவது என்று வருடா வருடம் அவர்கள்தான் முடிவு செய்வார்கள். இந்த வருடம் பெரிய கம்பெனி ஒன்று, டப்பாவில் அடைத்த சாப்பாட்டை வேனில் கொண்டுவந்து இறக்குவதாகச் சொல்லியிருந்தது. எதற்கும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வியாழக்கிழமை மதியம் வருவதாகத் தகவல் வந்தது.

"பூ ஐட்டம் குறைஞ்சது நாலு இருக்கணும், மாஸ்டர்," என்றார் மேனேஜர். நல்ல மனுஷர்தான், ஆனால் மேலிடத்திலிருந்து போன் வந்தாலே எழுந்து நின்று பேசுகிற ரகம். "அது ஒண்ணுதான் உங்க பக்கம் இருக்கு."

மாஸ்டருக்கு அன்றிரவு தூக்கமில்லை. இந்த அடுப்படியில் கண்ணைக் கட்டிவிட்டாலும் கை தானாகப் போய் உப்பு டப்பாவை எடுக்கும். எந்தப் பாத்திரம் எப்போது அடிபிடிக்கும் என்று தெரியும். அதனால்தான் நாலு மாதம் ஓட்ட முடிந்தது. இது போய்விட்டால் வேறெந்தச் சமையலறையிலும் ஒரே நாளில் குட்டு உடைந்துவிடும். மூக்கில்லாத சமையல்காரியை எவன் வேலைக்கு வைப்பான்?

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் பெரிய கூடையாக எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். டயர் அண்ணன் முந்தின நாளே பழைய டயர் ஏற்றிய லாரியோடு வெளியூர் போயிருந்தார். போவதற்கு முன் ரப்பர் வளையங்களை மாட்டிவிட்டுத்தான் போயிருந்தார். வளையம் இல்லாத பூவாகப் பார்த்து அவள் பறித்தாள். பத்து, இருபது, முப்பது. அவசரத்தில் கை ஓடியது. முப்பத்தைந்தோ என்னவோ பறித்த பிறகு கை நின்றது.

ஏன் நின்றது என்று முதலில் அவளுக்கே விளங்கவில்லை. பிறகுதான் காதில் உறைத்தது. சத்தமே இல்லை. காற்றடிக்கும் மெஷின்கூட ஓடாத நேரம், தூரத்தில் யாரோ ஸ்பேனரைக் கீழே போட்ட சத்தம்வரை கேட்டது. தேனீச் சத்தம் மட்டும் இல்லை. கூடையிலிருந்து ஒரு பூவை எடுத்துப் பார்த்தாள். உள்ளே மகரந்தம் யாரும் தொடாமல் முழுசாக நின்றது. ஒன்பது மணிக்கு ஒருநாளும் அப்படி நின்றதில்லை. கீழே டயர் ஓரத்தில் ஒரு தேனீ மல்லாந்து கிடந்து, காலை உதறிக்கொண்டு, இருந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது.

பூவை மூக்கின் மேலேயே அழுத்தி இழுத்தாள். பச்சைத் தண்ணீரை மோந்த மாதிரி, ஒன்றும் தெரியவில்லை.

ஒருவேளை மேகமூட்டத்தால் தேனீ வரவில்லையோ? அந்த ஒற்றைத் தேனீ கிழடாகிச் சாகிறதோ? மணி ஒன்பதே கால். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. யாரையாவது மோந்து பார்க்கச் சொன்னால் முடிந்தது கதை. மூக்கு மாஸ்டர் மூக்கைக் கடன் கேட்கிறாள் என்று பத்து நிமிடத்தில் பணிமனை முழுக்கப் பரவிவிடும். கேட்காமல் பொரித்துப் போட்டுவிட்டால், ஒன்றும் ஆகாமலும் போகலாம். 'போகலாம்' என்று மனசு சொன்ன அதே நொடியில், மூன்றாவது தடவை பருப்புக்குத் தட்டை நீட்டும் ஹாரனின் முகம் கண்முன் வந்தது. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு வேகமாகச் சமையலறைக்கு நடந்தாள்.

நாத்தனார் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"இதக் கொஞ்சம் மோந்து பாரு."

"இன்னைக்கும் பரீட்சையா அண்ணி?" நாத்தனார் நிமிரவில்லை. "உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?"

"சொல்றேன்ல. மோந்து பாரு."

வேண்டாவெறுப்பாகக் கூடைக்குள் குனிந்தவள், சுட்டுக்கொண்டதுபோல் பின்னால் போனாள். "ஐயோ! மருந்து அண்ணி! பூச்சி மருந்து! குடலப் புரட்டுது!" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இத அங்கேருந்து கையில தூக்கிட்டு வந்திருக்கீங்களே, உங்களுக்குத் தெரியல?"

"தெரியல."

"எப்படி தெரியாம இருக்கும்?"

"எனக்கு மூக்கு போயி நாலு மாசமாச்சு," என்றாள் மாஸ்டர். சொல்லி முடித்ததும் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனார் கத்தியைக் கீழே வைத்தாள். ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று பார்த்தால், அவளுக்கு வந்தது கோபம். கண்ணில் தண்ணீரோடு வருமே, அந்தக் கோபம்.

"நாலு மாசமா அதப் போட்டியா இதப் போட்டியான்னு என்னைக் கேட்டு உயிரை எடுத்தீங்களே, இதுக்குத்தானா? எம்மேல நம்பிக்கை போயிடுச்சுன்னு நெனச்சேன் அண்ணி. ஆறு வருஷம் கூட நின்னும் கொத்தமல்லி போடத் தெரியாதவன்னு நெனைக்கிறீங்கன்னு நெனச்சேன். ஒண்ணாம் தேதியிலேருந்து ஒரு ஹாஸ்டல் கிச்சனுக்கு வர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொன்னீங்களா?"

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்கள். ஒரு மூக்கு வேலை செய்தது, ஒன்று செய்யவில்லை, அழுகைக்கு இரண்டும் ஒன்றுதான்.

முதலில் எழுந்தது நாத்தனார். "கைய சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவுங்க. அந்தக் கூடைய நான் வெளிய வைக்கிறேன். டயர் அண்ணனுக்குப் போன் போடுங்க."

டயர் அண்ணன் போனில் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "பெட்டிங்களோட வாசலை ஈரச் சாக்கால மூடுங்க தங்கச்சி. வெளிய போனது போச்சு. உள்ள இருக்கிறதாவது போகாம இருக்கட்டும். இன்னைக்கு சாயங்காலம் வந்துடுவேன்," என்றார்.

தேனீயை நாலடி தள்ளி நின்று பார்க்கிறவள், மூன்று ஈரச் சாக்கோடு பெட்டியருகே போனாள். முதல் பெட்டி மூடியது. இரண்டாவதும். மூன்றாவதன் வாசலில் செத்த தேனீக்கள் குவிந்து கிடந்தன. அதைப் பார்த்துத் தயங்கி நின்றபோது உயிரோடிருந்த ஒன்று வந்து கொட்டியது. கொட்ட இடமா இல்லை உடம்பில்? சரியாக மூக்கு நுனியில் கொட்டியது. "அதுதான் ஏற்கனவே செத்துப்போச்சே, அதையும் விடமாட்டியா?" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது சாக்கையும் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

மணி பத்து. பூ இல்லை. இருந்தது அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை. நாத்தனார் இரண்டு அடுப்புக்கும் நடுவே நின்றாள். மாஸ்டர் கை, நாத்தனார் மூக்கு.

"பூண்டு?"

"இன்னும் இல்ல... இன்னும் இல்ல... இப்போ! வெங்காயத்தப் போடுங்க."

"பருப்பு?"

"அடுப்பக் கொறைங்க, அடி தொடங்குது."

நாலு மாதத்தில் அவர்கள் அத்தனை பேசியதில்லை. உருளைக்கிழங்கு வறுபடும்போது நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு, "அண்ணி, இப்ப எப்படி இருக்கு தெரியுமா? மழை விட்டதும் வீட்டுக்குள்ள நுழையற மாதிரி இருக்கு," என்றாள். அந்த வாசனை மாஸ்டருக்கு வரவில்லை. ஆனாலும் என்னவோ வயிறு நிறைந்தது.

பன்னிரண்டரைக்குத் தலைமை அலுவலக அம்மா வந்து உட்கார்ந்தார். கண்ணாடி போட்ட, வேகமாகச் சாப்பிடாத அம்மா. பக்கத்தில் மேனேஜர் பாதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தட்டைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், உருண்டு சிவந்திருந்த அவள் மூக்கைப் பார்த்தார்.

"பூ எங்கே?" என்று கேட்டது அந்த அம்மாதான்.

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டாள். "பின்பக்கம் பூ பூரா யாரோ மருந்து அடிச்சிருக்காங்கம்மா. பறிச்சிட்டேன். பறிச்ச பெறகுதான் தேனீ இல்லன்னு கவனிச்சேன். எனக்கு நாலு மாசமா வாசனை தெரியாது. மூக்கு இருந்திருந்தா நாலடி தள்ளியே கண்டுபிடிச்சிருப்பேன். மறைச்சது தப்புதான்."

மேனேஜர் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார். "அது... மேடம் வர்றாங்களேன்னு... கொசு கடிக்கக் கூடாதேன்னு காலையில ஆறு மணிக்கு ஆள் வச்சு..." என்று முணுமுணுத்து, பாதியில் விட்டுவிட்டார்.

அந்த அம்மா ஒரு வாய் பருப்பும் சோறும் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். "மூக்கு இல்லாம இத எப்படி சமைச்சீங்க?"

"மூக்கு இருக்கும்மா," என்றாள் மாஸ்டர். "அதோ, பரிமாறிட்டிருக்கு."

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நாத்தனாருக்கு முகம் சிவந்து, டம்ளர் நிரம்பி வழிந்தது.

சாயங்காலம் டயர் அண்ணன் வந்தார். மூன்றாவது பெட்டியில் பாதிக்கு மேல் போயிருந்தது. செத்ததையெல்லாம் செய்தித்தாளில் கூட்டி அள்ளி, பூக்களையெல்லாம் பறித்துக் குழி தோண்டிப் புதைத்தார். மேனேஜர் வந்து பக்கத்தில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, மண்வெட்டியை வாங்கித் தானும் நாலு வெட்டு வெட்டினார். மறுநாளிலிருந்து புதுசாகப் பூத்த ஒவ்வொரு பூவின் காம்பிலும் ரப்பர் வளையம் இருந்தது. ஒன்று விடாமல்.

"இந்த மாசம் உங்களுக்கு ஒண்ணும் கிடையாது தங்கச்சி. எல்லாம் அதுங்களுக்கு," என்றார்.

"எல்லாத்தையும் மாட்டுங்கண்ணே," என்றாள் மாஸ்டர்.

பத்து நாளில் கடிதம் வந்தது. கேண்டீன் அவளுக்கேதான், ஆனால் ஒரு வருடத்துக்கு இல்லை, ஆறு மாதத்துக்கு. பிறகு மறுபடி வந்து சாப்பிட்டுப் பார்ப்பார்களாம். கீழே ஒரு வரி: சமையலறைக்குத் தெரிவிக்காமல் வளாகத்தில் எந்த மருந்தும் தெளிக்கக் கூடாது. நாத்தனார் அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்துவிட்டு மாவு டப்பாவுக்குப் பின்னால் சொருகி வைத்தாள். ஒண்ணாம் தேதி வந்தது. காலை ஐந்து மணிக்கு வழக்கம்போல வந்து வெங்காயக் கூடையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஹாஸ்டல் பேச்சு அதோடு முடிந்தது.

டாக்டர் சொன்ன நாலு பொருளையும் நாத்தனார் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். தினமும் காலையில் மாஸ்டரைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொன்றாக மூக்குக்குக் கீழே நீட்டுவாள். காபிப்பொடி, பூண்டு, எலுமிச்சைத் தோல், கொத்தமல்லிப் பூ.

"என்ன?"

"தெரியல."

"இது?"

"தெரியலடி. போய் வேலையப் பாரு."

"வேலை எங்கயும் போகாது. இது?"

இப்படி ஆறு வாரம். அதற்குள் கொடியில் மறுபடி மூன்றுக்கு இரண்டு பூ வளையம் இல்லாமல் நின்றது. மூன்றாவது பெட்டியிலும் வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. அன்றைக்கும் காலையில் மாஸ்டர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பூண்டு போனது, தெரியவில்லை. எலுமிச்சை போனது, தெரியவில்லை. கொத்தமல்லிப் பூவை நாத்தனார் நீட்டியபோது மாஸ்டரின் புருவம் சுருங்கியது.

"யாருடி அது?" என்றாள்.

"எது?"

"ஜன்னல்ல..."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, கையில் கிடைத்த கரண்டியோடு வெளியே ஓடினாள். ஹாரன் வண்டியை ஜன்னலுக்கு நேரே நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு அப்போதுதான் கீழே இறங்கிக்கொண்டிருந்தான். கரண்டியோடு ஓடிவருகிறவளைப் பார்த்ததும் பத்து வருடப் பழக்கம் அவனை ஒரே தாவில் மேலே ஏற்றியது. சாவியைத் திருப்பிவிட்டு இரண்டு கையையும் தூக்கினான்.

"அணைச்சிட்டேன் மாஸ்டரக்கா! அணைச்சிட்டேன்!"

"எவன்டா உன்னை அணைக்கச் சொன்னான்? போடு!"

ஹாரன் ஒன்றும் புரியாமல் அவளையும், சமையலறை வாசலில் கொத்தமல்லிப் பூவோடு நின்ற நாத்தனாரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"போடுங்க ஹாரன் அண்ணே," என்றாள் நாத்தனார். "அண்ணி சொல்றாங்கல்ல."

இன்ஜின் உறுமியது. கறுப்புப் புகை ஒன்று வந்து மாஸ்டரின் முகத்திலேயே அடித்தது. அவள் நகரவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய, கரண்டியை மார்போடு பிடித்துக்கொண்டு, நெஞ்சு நிறைய இழுத்தாள்.

"நாறுதுடி," என்றாள் நாத்தனாரிடம். "நல்லா நாறுது."